மூங்கில் தட்டியில் காய்ந்தவர்

ஞானமலைப்பட்டியில் சூசைமாணிக்கம் காய்ந்துபோன வருசம் பன்னீர்த் திராட்சை அமோகமாக விளைந்திருந்தது. வேலை தலைக்கு மேல் கிடந்ததால் அவருக்காக அழ ஊருக்கு நேரமில்லாமல் போய்விட்டது என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள். நேரம் இருந்தது. அழத்தான் ஆளில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் மேற்கு மலையின் காலடியில் கிடக்கும் அந்த ஊரில் பாதித் திராட்சைப் பந்தல் அவருடையது. மேட்டுக்கிணற்றை ஊரே சேர்ந்துதான் வெட்டியது. ஆனால் பம்புசெட்டு அறை அவர் நிலத்தில் நின்றதால் சாவி அவர் இடுப்பில் தொங்கியது, சாவி அவர் இடுப்பில் தொங்கியதால் தண்ணீரும் அவருடையதாயிற்று, தண்ணீர் அவருடையதானதால் சித்திரை வெயிலில் கீழ்க்காட்டுக் கொடிகள் சுருளும்போது ஊர் அவர் வாசலில் வந்து நின்றது, வந்து நின்றவர்களை அவர் சாப்பிட்டு முடித்து, வாய் கொப்பளித்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகுதான் என்னவென்று கேட்டார். பழம் பறிக்க வரும் பெண்கள் சாயங்காலம் கூலி வாங்குமுன் வரிசையில் நின்று நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். நாக்கில் ஊதா நிறம் தெரிந்தால் பாதிக் கூலி. ஒச்சம்மா என்கிற நடுவயதுக்காரி ஒருநாள் நாவல்பழம் தின்றுவிட்டு வந்து மாட்டிக்கொண்டாள். நாவல்பழம்தான் என்று அவள் சொன்னதை அவர் ஒத்துக்கொண்டார். அந்த நாவல்மரமும் தன்னுடையதுதான் என்று சொல்லிப் பாதிக் கூலியைப் பிடித்துக்கொண்டார்.

இப்பேர்ப்பட்டவர் ரோமாபுரிக்குத் திருயாத்திரை போனார். கோயில்களையெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, வெரோனா என்ற ஊரில் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் ஒரு ஒயினைக் குடித்தார். அமரோனே என்று பெயர். கறுப்புத் திராட்சையைப் பறித்தவுடன் பிழியாமல், மச்சில் மூங்கில் தட்டிகளில் பரப்பி, மாதக்கணக்காகக் காயவிட்டு, தோல் சுருங்கிச் சாறு கெட்டிப்பட்ட பிறகு மிதித்து, இருக்கிற இனிப்பெல்லாம் நொதித்துத் தீரும்வரை பொறுத்திருந்து, பீப்பாயில் வருசக்கணக்காகக் கிடத்தி எடுப்பது. கடைசியில் இனிப்பு துளிகூட மிஞ்சாது. துவர்ப்பும் கசப்பும் நெஞ்சுக்குழியில் நின்று எரியும் சூடும்தான் மிஞ்சும். சூசைமாணிக்கத்துக்கு அந்த ருசி பிடித்ததா என்று யாருக்கும் தெரியாது. ஞானமலைப்பட்டியில் இதை எவனும் குடித்திருக்க மாட்டான் என்ற நினைப்பு அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. பழைய பாட்டில் ஒன்றை வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டுவந்து பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அதற்குப் பிறகு அவருக்கு எதுவுமே ருசிக்கவில்லை. பங்குச் சாமியார் தார்சியூஸிடம், "பூசையில குடிக்கிறீங்களே சாமி, அது ஒயினா? இருமல் டானிக்கு" என்றார். இளவயதுச் சாமியார் சிரித்து மழுப்பினார். கோயில் கூரை ஒழுகியது. கூரைக்கு ஓடு வாங்கித் தரக்கூடிய ஒரே ஆள் எதிரில் நின்று இகழ்ந்துகொண்டிருந்தார். பூசைக்குத் தேவை என்று எழுதிக் கொடுத்து ஒயின் தயாரிக்க அனுமதி வாங்கித் தந்ததும் சாமியார்தான். ஓடு வரவில்லை.

தை அறுவடையில் நல்ல குலைகளைப் பொறுக்கி மொட்டைமாடிக் கொட்டகையில் தட்டி தட்டியாகப் பரப்பினார்கள். கூலிக்காரர்கள் தின்றுவிடுவார்கள் என்று சூசைமாணிக்கம் அங்கேயே காவலுக்குப் போய்ப் படுத்தார். அவர் மனைவி அமலோற்பவம் சாப்பாட்டுத் தட்டைக் கதவோரம் வைத்துவிட்டு வருவாள்.

"இந்தா, உள்ள வராத. உன் வேர்வை நாத்தம் பழத்துல ஏறும்" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

காற்று வறண்டது. மலையிலிருந்து இறங்கிய மாசிக்காற்று கொட்டகைக்குள் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறி, திராட்சையின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு போயிற்று, போகிற போக்கில் பக்கத்தில் படுத்திருந்தவரையும் உறிஞ்சிக்கொண்டு போயிற்று. வைத்த தட்டு வைத்தபடி இருப்பதை அமலோற்பவம் கண்டாள். கோபத்தில் சாப்பிடாமல் கிடப்பது அவருக்குப் புதிதில்லை என்பதால் அடுத்த வேளைத் தட்டை வைத்துவிட்டு முந்தைய வேளைத் தட்டை எடுத்துப் போனாள். பிறகு உள்ளேயிருந்து திட்டுவதும் நின்றது. அது புதிது. கதவைத் தள்ளினாள்.

கடைசித் தட்டியில் அவர் கிடந்தார். தோல் கருநீலமாகச் சுருங்கி, உடம்பு பள்ளிக்கூடப் பிள்ளை அளவுக்குக் குறுகி, வேட்டியும் பனியனும் சுற்றிலும் குளம்போலப் பரவிக் கிடக்க, முகத்தில் மடிப்பு மேல் மடிப்பு விழுந்து, பன்னீர்த் திராட்சையின் மணம் கமகமவென்று வீச, காய்ந்து கிடந்தார். அமலோற்பவம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். பழத்தைத் திருப்பிப் போடுவதுபோல அவரையும் ஒருமுறை திருப்பிப் போட்டாள். அடிப்பக்கமும் நன்றாகத்தான் காய்ந்திருந்தது. பிறகு கீழே இறங்கிப்போய் ஒச்சம்மாவைக் கூட்டிவந்தாள்.

"செத்துட்டாகளா?" என்றாள் ஒச்சம்மா.

"தெரியல. காஞ்சிட்டாக."

ஒச்சம்மா குனிந்து முகர்ந்தாள். "இருந்த காலத்துல இப்படி வாசமா இருந்ததில்லையே" என்றாள்.

கம்பத்திலிருந்து டாக்டர் வந்தார். நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் குனிந்திருந்தார். துடிப்பு இருந்தது; ஒரு செபமாலை சொல்லி முடிக்கும் நேரத்துக்கு ஒரு துடிப்பு. இவரைச் செத்தவர் என்று எழுதித் தர முடியாது, உயிரோடு இருப்பவர் என்று எழுதித் தந்தால் தன்னைச் சிரிப்பார்கள், எறும்பு அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆகவே அவரைப் புதைக்கவும் முடியவில்லை. அமலோற்பவம் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று சாமியாரிடம் கேட்டாள். அவர் புத்தகங்களைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். அவருடைய புத்தகங்களில் அது இல்லை.

மணம் மட்டும் நாளுக்கு நாள் கூடிற்று. மாடியிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து கோயில் முற்றத்துக்கும், முற்றத்திலிருந்து பஸ் நிறுத்தத்துக்கும் போயிற்று. அது போன வழியிலேயே யாகப்பன் வந்து சேர்ந்தார். யாகப்பன் பங்குப் பேரவைத் தலைவர். சூசைமாணிக்கத்தோடு வரப்புத் தகராறில் பத்து வருசம் பேசாமல் இருந்தவர். பக்கத்து ஊரில் மாதா சுரூபத்தின் கண்ணில் எண்ணெய் வடிந்த நாளிலிருந்து அந்த ஊர்த் திருவிழாவுக்குத் தேனியிலிருந்து தனி பஸ் விட்டார்கள். அந்த பஸ் ஞானமலைப்பட்டியில் நிற்காமல் போவதை யாகப்பன் வருசா வருசம் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்து வயிறெரிந்தவர். இப்போது காய்ந்து கிடந்த பகையாளியைச் சுற்றி வந்து, மூக்கை இழுத்து முகர்ந்து, கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாமி, அழியாத உடம்பு. இது புதுமை" என்றார்.

"அவசரப்படாதீங்க" என்றார் தார்சியூஸ் சாமியார். "ஆயருக்கு எழுதிக் கேக்கணும்."

"எழுதுங்க. பதில் வர்ற வரைக்கும் சனங்க ஒரு மெழுகுவத்தி ஏத்தினா தப்பா?"

தப்பில்லை என்று சாமியார் நினைத்தார். ஆயரிடமிருந்து பொறுத்திருக்கும்படி பதில் வந்தது. பொறுத்திருக்கும் காலத்தில் சூசைமாணிக்கத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள், பெட்டிக்குக் கீழே உண்டியல் வைத்தார்கள், உண்டியலுக்குப் பக்கத்தில் வரிசைக்குக் கம்பி கட்டினார்கள், கோயில் கூரைக்கு ஓடும் வந்தது. தேனி பஸ் நின்றது.

புனிதர் என்றால் வரலாறு வேண்டும். ஊர் அதையும் செய்தது, வெட்கப்படாமல் செய்தது. அவர் தண்ணீரைப் பூட்டியது, ஆண்டவர் தந்த தண்ணீரை வீணாக்கக் கூடாதென்ற பக்தியால். வாசலில் மணிக்கணக்காக நிற்கவைத்தது, பொறுமை என்ற புண்ணியத்தை ஊருக்குப் பழக்குவதற்காக. பெண்களின் நாக்கைப் பார்த்தது, ஏழைகளின் உடம்பில் என்ன நோய் இருக்கிறதோ என்ற கவலையால். இதைச் சொன்னவள் ஒச்சம்மா இல்லை, அவளைப் போலவே பாதிக் கூலி வாங்கி வீட்டுக்கு அழுதுகொண்டு போன இன்னொருத்திதான். சொல்லும்போது அவள் கண் நிஜமாகவே கலங்கிற்று. சொல்லச் சொல்ல அவர்களுக்கே அப்படித்தான் நடந்ததாகத் தோன்றியது. தோன்றியதைத் திரும்பவும் சொன்னார்கள்.

யாகப்பன் அமலோற்பவத்திடமும் வந்தார். "தங்கச்சி, அய்யாவோட நற்குணம் ஏதாவது சொல்லும்மா. சின்னப் புத்தகமாப் போடுறோம்."

"முப்பது வருசத்துல எங்கிட்ட அன்பா ஒரு வார்த்தை பேசினதில்ல."

யாகப்பன் யோசித்துவிட்டு, "மௌன விரதம்" என்றார்.

கோயிலில் அவரும் மாடியில் திராட்சையுமாக இருந்தார்கள். திராட்சையை இன்னும் விட்டால் கெட்டுவிடும். அமலோற்பவத்துக்கு அதை மிதிக்க வேண்டும் என்று தெரியும். எந்த ருசிக்கு வர வேண்டும் என்று தெரியாது. ஒரு மத்தியானம் பீரோவைத் திறந்து இத்தாலி பாட்டிலை வெளியே எடுத்தாள். தூசியைத் துடைத்ததும் அதில் போட்டிருந்த வருசம் தெரிந்தது. அவள் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த வருசம். அவர் அதைக் கவனித்து வாங்கினாரோ என்று ஒரு நிமிசம் நினைத்தாள், பிறகு அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள். ஒச்சம்மாவையும் வேலையிலிருந்த பெண்களையும் கூப்பிட்டாள். கார்க்கை எடுக்கத் தெரியாமல் திருப்புளியால் குடைந்து உள்ளே தள்ளி, எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றி, அவித்த கடலையோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்து குடித்தார்கள்.

ஒருத்தி முகத்தைச் சுளித்துக் கடலையை அள்ளிப் போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி கசாயம் என்றாள். ஒச்சம்மா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள்.

"எப்பிடி இருக்கு?" என்றாள் அமலோற்பவம்.

"கசக்குது. ஆனா பொய் சொல்லாத கசப்பு. இறங்கினப்புறம் உள்ள நின்னு பேசுது."

அமலோற்பவம் இன்னொரு மடக்குக் குடித்தாள். அவள் வந்த வருசத்தின் வெயிலும் மழையும் எங்கோ யாருடைய மலைச்சரிவிலோ பழமாகி, காய்ந்து, இனிப்பையெல்லாம் விட்டுவிட்டு, முப்பது வருசம் இருட்டில் கிடந்து, இத்தனை திடமாக நிற்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கே பெண்கள் சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு தொட்டியில் இறங்கி மிதித்தார்கள். அமலோற்பவம் மிதித்துக்கொண்டே சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்து ஒச்சம்மா பார்த்தது அதுதான் முதல் தடவை.

சாறு பீப்பாயில் நொதிக்கத் தொடங்கியதும் அவள் மற்ற காரியங்களுக்குத் திரும்பினாள். பம்புசெட்டு அறையைத் திறந்து பூட்டைக் கிணற்றில் போட்டாள். நாக்கு பார்ப்பதை நிறுத்தினாள். கூலியை ஏற்றினாள். கீழ்க்காட்டுக்கு முதல் தண்ணீர் பாய்ந்த நாளில் வாய்க்காலோரம் நின்றவர்கள் அமலோற்பவத்தைத் தாண்டிக் கோயிலுக்கு ஓடினார்கள்.

"சூசைமாணிக்கம் அய்யா தண்ணி குடுத்துட்டாரு" என்று கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார்கள்.

"பூட்டைத் தொறந்தது நான்" என்று அவள் யாகப்பனிடம் சொன்னாள்.

"உன் கையால அவுக தொறந்தாக" என்றார் யாகப்பன்.

கூலி ஏறியது அவருடைய இரக்கம். ஒச்சம்மா மகளின் கல்யாணத்துக்கு அமலோற்பவம் கொடுத்த வளையல் அவர் கொடுத்தது. அவள் செய்வதெல்லாம் வழியில் கைமாறி அவர் கணக்கில் சேர்ந்தது. அவள் நல்லவளாக நல்லவளாக அவர் புனிதராகிக்கொண்டே போனார். நிறுத்திவிடலாமா என்று பலமுறை நினைத்தாள். நிறுத்தினால் கொடிதான் கருகும் என்பதால் நிறுத்தவில்லை. புது ஒயினை வடித்தபோது கோயிலுக்கு வந்தவர்கள் அதையும் கேட்டார்கள். ஆளுக்கு ஒரு சொட்டு நாக்கில் விட்டார்கள். வாய் கோணி, கண் இடுங்கி, உடம்பு ஒருமுறை உதறி, "தேன்" என்றார்கள். தேனியிலிருந்து வந்தவர்களும் தேன் என்றார்கள், மதுரையிலிருந்து காரில் வந்தவர்கள் தேனிலும் தேன் என்றார்கள்.

ஐப்பசியில் திருவிழா வைத்தார்கள். ஜரிகைக் காகிதமும் சம்பங்கியுமாகச் சப்பரம் கட்டி, கண்ணாடிப் பெட்டியிலிருந்து அவரை எடுத்து, பட்டுத் துணி போர்த்தி, நாற்காலியில் சாய்த்துவைத்து, பேண்டு வாத்தியத்தோடு பட்டப்பகலில் தெருவைச் சுற்றினார்கள். மேட்டுக்கிணற்றுத் திருப்பத்தில் மழை பிடித்தது. ஐப்பசி மழை சொல்லிக்கொண்டு வராது. புனிதருடைய மழை என்பதால் ஒருவரும் ஒதுங்கவில்லை. நனைந்துகொண்டு பாடினார்கள், பாடப் பாட மழை வலுத்தது, வலுக்க வலுக்கச் சப்பரத்தின் காகிதம் கரைந்து தோள்காரர்களின் மேல் சிவப்பாகவும் பச்சையாகவும் வழிந்தது, மேலே இருந்தவர் தண்ணீரைக் குடித்தார். பாயசத்தில் போட்ட காய்ந்த திராட்சை போல முதலில் கன்னம் உப்பிற்று, பிறகு தோள் பருத்தது, பிறகு தொந்தி திரண்டு பட்டுத்துணியின் முடிச்சை அறுத்தது. தூக்கியவர்களுக்குப் பாரம் தாங்கவில்லை. சப்பரத்தை இறக்கிவைத்தார்கள். சூசைமாணிக்கம் கண்ணைத் திறந்தார்.

பேண்டுக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வாசிப்பதை விட்டார்கள். தார்சியூஸ் சாமியார் சேற்றில் முழந்தாளிட்டார். மழைச் சத்தமும் அதற்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தமும் மட்டும் இருந்தன.

"பம்பு ஓடுது" என்றார் சூசைமாணிக்கம். "எவன்டா தொறந்தது?"

மழை பெய்யும்போது பம்பு ஓடுகிறதே என்பது அவர் முதல் கவலை. அதுவே ஊரின் கவலைக்கும் தொடக்கம். அல்லேலூயா சொல்ல வாயைத் திறந்தவர்கள் அப்படியே மூடிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் புதுப் பூட்டு கேட்டார். ஏற்றிய கூலியைத் திருப்பித் தரச் சொன்னார். பீப்பாயிலிருந்து ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துத் துப்பினார்.

"இதான் நீ பண்ணின ஒயினா? வினிகர் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டு அள்ளிக்கிட்டுப் போகச் சொல்லு."

அமலோற்பவம் அதே டம்ளரைக் கழுவி, தனக்குப் பிடித்துக் குடித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

கோயிலில் கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. வந்த பஸ்ஸுக்கு என்ன காட்டுவது என்று யாகப்பனுக்குத் தெரியவில்லை. உயிரோடு எழுந்த புனிதரைக் காட்டலாம் என்று முதலில் நினைத்தார். எழுந்தவர் வந்தவர்களைப் பார்த்து "செருப்பைக் கழட்டுங்கடா, என் தளம் அழுக்காகுது" என்று கத்தியதும் அந்த நினைப்பு போயிற்று. சில நாள் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

"இது அவருதானா?"

கேள்வி தெருவில் இறங்கி நடந்தது. அந்த மழையில் யார் என்ன பார்த்தார்கள்? மழை கண்ணை மறைத்தது. சப்பரம் கரைந்தது. அவரும் கரைந்து போயிருக்கலாம், காய்ந்த உடம்பு மழையில் கரைந்து பரலோகம் போவதுதானே முறை. மழைக்கு ஒதுங்க எவனோ சப்பரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கலாம். கார்த்திகை பிறக்குமுன் 'இருக்கலாம்' எல்லாம் கழன்று விழுந்துவிட்டது. எவனோ ஏறி உட்கார்ந்தான். ஒதுங்க வந்தவன் வீட்டையே கேட்கிறான்.

சூசைமாணிக்கம் கோயில் முற்றத்துக்கு வந்து நின்றார். ஊர் கூடியிருந்தது.

"நான்தான்டா சூசைமாணிக்கம். உங்க தண்ணியைப் பூட்டி வச்சவன்."

"எங்க அய்யா தண்ணி குடுத்தவரு" என்றார்கள், மரியாதையாக.

"உங்க பொம்பளைங்க நாக்கைப் பாத்துக் கூலியைப் பிடிச்சவன்."

"அய்யா எங்க சீக்கைப் பாத்தவரு. உனக்கு அந்த மனசு வருமாப்பா?"

"யாகப்பா, உன் வரப்பை வெட்டி உள்ள தள்ளினது நான்."

யாகப்பன் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "பாத்தீங்களா சாமி, புனிதர் மேல எப்பேர்ப்பட்ட பழி."

அவர் சொன்ன ஒவ்வொரு உண்மையும் அவருக்கு எதிர்ச்சாட்சியாயிற்று. எத்தனை கொடுமையைத் தன்னுடையதென்று நிரூபித்தாரோ அத்தனைக்கு அத்தனை அவர் வேற்றாள் ஆனார். கடைசியில் தார்சியூஸ் சாமியார், சம்சாரத்தைக் கேட்போம் என்றார். நியாயமாக நடப்பதாகத் தோன்ற வேண்டும் என்பதில் அவருக்கு அக்கறை உண்டு. ஒச்சம்மா போய் அமலோற்பவத்தைக் கூட்டிவந்தாள்.

அமலோற்பவம் வந்து எதிரில் நின்றாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊர் கட்டிய பொய் விழும். பம்பு அறைக்குப் பூட்டும் விழும். இல்லை என்றால் தண்ணீர் ஓடும். ஆனால் அதைத் திறந்தது தான்தான் என்று உயிருள்ளவரை யாரிடமும் சொல்ல முடியாது. அவள் ஊரைப் பார்த்தாள். உண்மை வந்துவிடுமோ என்று அத்தனை முகமும் பயந்துபோய் நின்றது. அதைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பிறகு அவரைப் பார்த்தாள். அவர் நெற்றி வேர்த்திருந்தது. கைகளைக் கூப்பலாமா என்று தெரியாமல் பாதி தூக்கி வைத்திருந்தார்.

"அமலோற்பவம்" என்றார். "நீயாச்சும் சொல்லும்மா."

அவள் நெடுநேரம் அவரையே பார்த்தாள். அவள் கண்ணில் ஏதோ தளும்பிற்று, நின்றது, வற்றிற்று.

"சாமி" என்று சாமியார் பக்கம் திரும்பினாள். "எங்க வீட்டுக்காரரு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. இந்தான்னுதான் கூப்பிடுவாரு. இவரு யாருன்னு எனக்குத் தெரியல."

அது பொய்யில்லை என்று ஒச்சம்மா மட்டும் சொன்னாள், அதுவும் வீட்டுக்குப் போகும் வழியில், தனக்குத்தானே.

ஊர் அவரை விரட்டிவிடவில்லை. அந்த அளவுக்கு நல்லவர்கள்தான். வந்தவர் என்று பெயர் வைத்தார்கள். கோயில் சத்திரத்தில் படுக்க இடம் கொடுத்தார்கள். அமலோற்பவம் மற்ற எல்லோருக்கும் தந்த கூலியையே தந்து பந்தல் வேலைக்கு வைத்துக்கொண்டாள். முதலில் கொஞ்ச நாள் கத்தினார். கத்துவதைக் கேட்க யாரும் நிற்கவில்லை. பிறகு களை பிடுங்கினார். புனிதரின் மாதிரியில் பலா மரத்தில் ஒரு சுரூபம் செய்து, கருநீலச் சாயம் பூசி, கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அது சுருக்கமில்லாமல், பருத்து, புன்னகையோடு இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் வந்தவரும் வரிசையில் நின்று அதைக் கும்பிடத் தொடங்கினார். ஆரம்பத்தில் எதற்கு நின்றாரோ, போகப் போக மற்றவர்களைப் போலத்தான் நின்றார்; மழை கேட்டார், முழங்கால் வலி போகக் கேட்டார்.

ஆறேழு வருசம் கழித்து, புனிதர் பட்டத்துக்கான விசாரணைக்கு ஆயர் ஒரு வயதான சாமியாரை அனுப்பினார். அமலோற்பவத்தின் வீட்டுக் கூடத்தில் சாட்சிகளை உட்காரவைத்துக் கேட்டார்கள். யாகப்பன் அழுதுகொண்டே சொன்னார். நாக்கைப் பற்றிச் சொன்னவள் இன்னும் விரிவாகச் சொன்னாள். வந்தவரும் தன்னையும் கேட்கச் சொன்னார். புனிதரை அவர் இருந்த காலத்தில் அறிந்தவரா என்று விசாரணைச் சாமியார் கேட்டார்.

"நல்லா அறிவேன் சாமி" என்றார் வந்தவர். தலைமுடி நரைத்து, வெயிலில் மெலிந்து, கையில் காய்ப்பு விழுந்திருந்தது. "அவரை மாதிரி மனுசன் இனிமே பொறக்கப் போறதில்ல. ஊருக்குத் தண்ணி குடுத்தாரு. ஏழைங்க மேல அவ்வளவு பிரியம். சம்சாரத்தை ஒரு சுடுசொல் சொன்னதில்ல." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் நடிக்கவில்லை. அதுதான் அமலோற்பவத்துக்குத் தாங்க முடியாமல் இருந்தது. எழுந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. ஒச்சம்மா அவள் முழங்கையைத் தொட்டாள்.

கடைசிச் சாட்சி அவள்தான். விசாரணைச் சாமியாருக்கு ஒரு கண்ணாடி டம்ளரில் ஒயினைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"சம்சாரத்துக்குத் தெரியாத குறை யாருக்கும் தெரியாது. மறைக்காம சொல்லும்மா. அவர்கிட்ட ஏதாவது குறை இருந்துச்சா?"

அமலோற்பவம் கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள். யாகப்பன் தலை குனிந்திருந்தார். வந்தவர் பக்தியோடு கை கட்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காஞ்சதுக்கப்புறம் ஒரு குறையும் இல்ல, சாமி" என்றாள்.

விசாரணைச் சாமியார் தலையாட்டினார். முதல் வார்த்தையை மட்டும் விட்டுவிட்டு, மீதியை அவள் சொன்னபடியே எழுதிக்கொண்டார்.